பதிலுக்கு விட்ட இடம்

கைகள் வீடியோ கசற்றைக் கவிழ்த்து வைத்தன. அடிப்பக்கத் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு சோசரில் அடுக்கின. மேல்மூடியைத் தூக்குமுன் வலது பெருவிரல் முன்பக்க மடலைச் சற்று உயர்த்திப் பிடித்தது. அப்படிப் பிடிக்காவிட்டால் உள்ளேயிருக்கும் மயிரளவு சுருள்கம்பி துள்ளிவிடும். கம்பளத்தில் விழுந்தால் பிறகு கிடைக்காது. மூடி கழன்று வந்தது. பருத்திக் கையுறை போட்ட இடது கை கறுப்பு நாடாவை ஒரு சாண் நீளத்துக்கு வெளியே இழுத்து, யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தது. சுருக்கம் இல்லை. கீறல் இல்லை.

"நாடா நல்லாத்தானே இருக்கு," என்றார் பரிமளம். "பிறகென்னத்துக்குத் தம்பி கொண்டு வந்தீங்க?"

எதிரே இரண்டு இளைஞர்கள் ஜக்கற்றைக் கழற்றாமல் இருந்தார்கள். கசற்றின் சொந்தக்காரன் அன்புராசா, மட்டக்களப்புப் பக்கத்தவன். மற்றவன் சீமோன், மன்னார். ரொறன்ரோவில், பரிமளம் இருந்த அதே சென் ஜேம்ஸ் ரவுணில் அவனோடு ஒரே அறையில் இருப்பவன். இருவருக்கும் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை.

"நாடா நல்லம் அக்கா," என்றான் அன்புராசா. "அதில இருக்கிறதுதான் பிழை. இருக்கவேண்டியது இல்லை."

"என்ன இருக்கு?"

சீமோன்தான் சொன்னான். "ஒரு குடும்பம் இருக்குது அக்கா. விண்வெளியில துலைஞ்சு போன குடும்பம். பழைய தொடர், பின்னேரத்தில திருப்பிப் போடுறாங்களே. தாய், தகப்பன், பிள்ளையள், ஒரு கப்பல். வழி தவறிப் போய் பூமிக்குத் திரும்ப ஏலாமத் திரியுதுகள். எங்கட சனம் மாதிரித்தான். எந்தக் கிரகத்தில இறங்கினாலும் ஒரு கிழமைக்குள்ள எழுப்பி விட்டிடுறாங்கள். இன்னும் அகதி வழக்கு ஹியரிங் வரேல்லைப் போல."

"வாயைப் பொத்துறியா?" என்றான் அன்புராசா.

சீமோன் பொத்தினான். அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

அது 1986ஆம் ஆண்டு, இலை கொட்டத் தொடங்கிய காலம். கோடையில் அன்புராசாவின் தங்கை இராஜேஸ்வரிக்கு ஊரில் கலியாணம் நடந்தது. படம் பிடிக்க வந்த வீடியோக்காரரைக் கேட்டு, தாயார் கனகாம்பிகையைத் தனியே இருத்தி, கனடாவிலிருக்கும் மகனோடு பேசச் சொல்லி ஒரு கசற் எடுத்து அனுப்பியிருந்தார்கள். கசற் வந்தது. அன்புராசா அதை 'கராஜ் சேல்' ஒன்றில் வாங்கிய தன் டெக்கில் போட்டான். திரை முழுக்கக் கோடுகள். படம் கிழிந்து கிழிந்து மேலே ஓடியது. அணில் கத்துவதுபோல் ஒரு கீச்சுச் சத்தம். வழியில் பழுதாகிவிட்டது என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டான்.

பழுதாகவில்லை. இலங்கையில் பதிகிற கசற் கனடா டெக்கில் ஓடாது. இரண்டு நாட்டு முறையும் வேறு, நாடா ஓடும் வேகமும் வேறு. அன்றைக்கு அங்கிருந்து வந்த சனத்தில் பாதிப்பேருக்கு அது தெரியாது. கலியாண வீடியோக்களையும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டு வீடியோக்களையும் குப்பைத் தொட்டிக்குள் போட்டவர்கள் இருந்தார்கள். அன்புராசா போடவில்லை. ஒருநாள் பின்னேர வேலை வந்துவிட்டது. தொடரில் அந்தக் குடும்பம் வீட்டுக்குத் திரும்புமா இல்லையா என்று அவனுக்கும் சீமோனுக்கும் ஒரு பந்தயம். சீமோனைப் பதியச் சொல்லி, 'பழுதான' கசற்றை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஒரு மாதம் கழித்து இராஜேஸ்வரி தொலைபேசியில் அழுதாள். அம்மா போய்விட்டார். அழுகைக்கு நடுவே கேட்டாள்: "கசற்றைப் பாத்தியா அண்ணா? உன்னோட எவ்வளவு நேரம் கதைச்சவ."

"வழக்கு முடியாம நான் ஊருக்குப் போகேலாது அக்கா," என்றான் அன்புராசா. "இன்னும் ரெண்டு கிழமையில முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. அதுக்கு முன்னம் அவட குரலை ஒருக்காக் கேட்டிடோணும். என்ன சொன்னவ எண்டு தெரியாம நான் எப்பிடி அந்த எள்ளுத் தண்ணியை விடுறது?"

பரிமளம் மூடியைத் திரும்பப் பூட்டினார். "மேல பதிஞ்சா கீழ உள்ளது போயிடும் தம்பி. பொய் சொல்லி உங்களை அனுப்ப மாட்டன். ஆனா போட்டுப் பாக்காமலும் அனுப்ப மாட்டன்."

பரிமளம் கல்லடியில் பிறந்தவர். கணவர் கனகசிங்கத்தோடு எண்பத்துநாலில் ரொறன்ரோ வந்தார். கணவருக்கு ஒரு ஹொட்டேலின் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது. பரிமளத்துக்கு வெக்ஸ்போர்ட்டில், கசற் பிரதி எடுக்கும் தொழிற்சாலையில். நூற்றுக்கணக்கான டெக்குகள் ஒரே நேரத்தில் ஓடும் மண்டபம் அது. பெட்டிக்கு ஒரு கசற்றை உருவி, தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் கேட்டுப் பார்ப்பது அவருடைய வேலை. யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. கழித்துப் போட்ட கசற்றுகளைச் சாப்பாட்டு நேரத்தில் திறந்து பார்த்தார். எந்தச் சத்தம் எந்தப் பழுதால் வருகிறது என்று திறந்து திறந்தே பிடித்துக்கொண்டார். பிறகு அதே மாடியிலிருந்த ஒரு பெண்ணின் சாமத்தியவீட்டுக் கசற்றை டெக் மென்று துப்பியபோது, கசங்கிய துண்டை வெட்டி நீக்கி ஒட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து சனி, ஞாயிறுகளில் கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. முதல் தடவை கேட்கும்போது ரிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். "படத்தைப் பாத்தாக் காது சோம்பல் படும்," என்பார். முதுகுக்குப் பின்னால் யாரோ கலியாணம் செய்வார்கள், யாருக்கோ பூப்புனித நீராட்டு நடக்கும். இவர் வெங்காயம் உரித்துக்கொண்டே, "இந்த இடத்தில நாடா மடிஞ்சிருக்கு," என்பார். சரியாக இருக்கும்.

வீட்டில் ஒரு டெக் இருந்தது. சவூதியில் வேலை செய்த மைத்துனர் கொண்டு வந்தது. எந்த நாட்டுக் கசற்றும் அதில் ஓடும். அதில் முதலில் கனடா முறையிலேயே போட்டார். விண்வெளிக் குடும்பம் தெளிவாக வந்தது. கப்பலின் இரைச்சல். தகப்பன் மைக்கைப் பிடித்துப் பூமியைக் கூப்பிடுகிறார்: எங்கள் குரல் கேட்கிறதா, யாராவது இருக்கிறீர்களா. பதில் இல்லை. கப்பலின் இரைச்சல் மட்டும்.

பரிமளம் கையை உயர்த்தினார். "பொறுங்க."

சத்தத்தை உச்சத்துக்குத் திருப்பினார். இரைச்சலுக்கு அடியில், தூரத்தில், ஒரு கீச்சுச் சத்தம். சின்னதாக, வேகமாக, விட்டு விட்டு.

சீமோன் நாற்காலியை விட்டு எழும்பிவிட்டான். "உதென்ன?"

"உங்கட டெக்கில பழைய சத்தத்தை அழிக்கிற தலை பழுது," என்றார் பரிமளம். "ஒழுங்கா அழிக்கேல்ல. அம்மா கீழ இருக்கிறா."

அன்புராசா ரிவிக்குக் கிட்டப் போய் நிலத்தில் இருந்தான். தகப்பன் திரும்பவும் பூமியைக் கூப்பிட்டார். திரும்பவும் பதிலில்லாத இடத்தில் அந்தக் கீச்சு வந்தது.

டெக்கை இலங்கை முறைக்கு மாற்றியதும் நாடா மெதுவாக ஓடியது. திரையில் குடும்பம் சிதறிக் கோடுகளாகிவிட்டது. கப்பல் தகப்பனின் குரல் பாதாளத்துக்கு இறங்கி, ஒரு மாடு உறக்கத்தில் உறுமுவதுபோல் இழுபட்டது. அதற்கு மேலே கீச்சுச் சத்தம் கீழிறங்கி வந்து, கிட்டத்தட்டப் பெண்குரலாகி நின்றது. ஆனால் வேகம் நிலைக்கவில்லை. பரிமளம் டெக்கின் மூடியைக் கழற்றி, உள்ளே வேகத்தைத் திருத்தும் சிறு திருகைத் திருப்புளி நுனியால் தொட்டார்.

"அம்மாட குரல் வந்ததும் சொல்லுங்க."

திருப்பினார். சிறுமியின் குரல் வந்தது. இன்னும் திருப்பினார். இளம்பெண்.

"இதுதான்," என்றான் அன்புராசா. அடுத்த நொடியே, "இல்லை. இன்னும் கொஞ்சம் தடிப்பு." இன்னும் கொஞ்சம். "இது... இல்லை, முந்தினதா?" அவன் ரிவியை விட்டுத் திரும்பினான். "அக்கா, எனக்குத் தெரியேல்ல. எப்பிடி எனக்குத் தெரியாமப் போகும்?"

"இங்க வந்த பிறகு போனிலதான கேட்டிருப்பீங்க," என்றார் பரிமளம். "போன் எல்லாக் குரலையும் ஒண்டாக்கிப் போடும். நீங்க போயிட்டு வாங்க. நான் பாக்கிறன்."

அடுத்த சனிக்கிழமை காலையில் அவர் ஆதாரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். கனகாம்பிகையின் குரலுக்குப் பின்னால், கலியாண வீட்டில் யாரோ வானொலியைப் போட்டிருந்தார்கள். செய்திக்கு முன் நேரம் காட்டும் 'பீப்' ஒலிகள் கேட்டன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு செக்கன். கணவரின் கைக்கடிகாரத்தை டெக்கின்மேல் வைத்து, ஒலியும் முள்ளும் சேர்ந்து விழும்வரை திருகைத் திருப்பினார். சேர்ந்தன. அந்த வேகத்தில் வந்தது ஒரு ஐம்பது வயதுப் பெண்ணின் குரல். கொஞ்சம் மூக்கடைப்போடு, வெற்றிலை மெல்லும் வாய்க் குழறலோடு. இதுதான் கனகாம்பிகை.

கசற்றைத் தொடக்கத்துக்குச் சுற்றினார். மத்தியானச் சமையலுக்குப் பருப்பைக் கழுவிக்கொண்டு, வழக்கம்போல் முதுகைக் காட்டி நின்று கேட்டார்.

முதலில் வீடியோக்காரரின் குரல்: "கதையுங்க அம்மா, மகனுக்குப் போகும்." பிறகு கனகாம்பிகை.

"மனே. கேக்குதா?"

அமைதி. அந்த அமைதிக்குள் கப்பல் தகப்பனின் உறுமல்.

"ஓம், எனக்கும் கேக்குது. சாப்பிட்டியா?"

உறுமல்.

"என்ன கறி?"

இம்முறை உறுமல் நீண்டது. கனகாம்பிகை அது முடியும்வரை பொறுத்திருந்தார். "ம். நல்லம். குளிருக்கு உடுப்புப் போடுறியா?"

பரிமளத்தின் கை பருப்புக்குள் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் எடுத்துத்தான் அவருக்கு விளங்கியது. கனகாம்பிகை, மகன் கனடா போன பிறகு, அவனோடு போனில் மட்டுமே பேசிப் பழகியவர். வீடியோவும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார். ஒன்றைக் கேட்பார், பதிலுக்கு இடம் விடுவார், பதில் வந்ததாக எண்ணி, "ம்" போட்டு, அடுத்ததைக் கேட்பார். யாரும் தடுத்துச் சொல்லவில்லைப் போலும். அந்த இடங்களுக்குள்தான் இப்போது வேறு குடும்பம் குடியேறியிருந்தது. தாய் கேட்க, கப்பல் பதில் சொல்லியது. கப்பலில் இருந்த சின்னப் பிள்ளையின் குரல்கூட வேகம் குறைந்ததில் முதிர்ந்து, இன்னொரு அம்மாவின் குரலாகிக் கனகாம்பிகைக்குப் பக்கத்தில் இருந்து கதைத்தது.

பருப்பை அடுப்பில் ஏற்றினார். பின்னால் பேச்சு போய்க்கொண்டிருந்தது. வீட்டில் ஒருவரும் இல்லை. யன்னலுக்கு வெளியே நல்ல வெயில்.

"நேரத்துக்குச் சாப்பிடு மனே. சாப்பிட்டியா எண்டு கேட்டா ஓமெண்டுதான் சொல்லுவாய். உண்மையைச் சொல்லு. இண்டைக்குச் சாப்பிட்டியா?"

கப்பல் உறுமவில்லை. சுத்தமான அமைதி. இரைச்சல்கூட இல்லை.

"இன்னும் இல்லை," என்றார் பரிமளம், அகப்பையால் கிண்டிக்கொண்டே.

"ஆரது?"

குரல் மிகத் தெளிவாக, முதுகுக்கு நேர் பின்னால் இருந்து வந்தது.

பரிமளம் திரும்பினார். திரையில் கோடுகள் இல்லை. கனகாம்பிகை முழுசாக இருந்தார். வெள்ளைச் சட்டை, நாடியில் ஒரு மச்சம். அவர் நேரே பார்க்கவில்லை. கழுத்தைச் சற்றுத் திருப்பி, திரைக்கு வெளியே, பரிமளம் நின்ற அடுப்படிப் பக்கம் பார்த்தார். உதடுகள் மூடியிருந்தன. பதிலுக்குக் காத்திருந்தார்.

பரிமளத்தின் அகப்பையிலிருந்து பருப்பு நிலத்தில் சொட்டியது.

"ஆ... நீயா?" என்றார் கனகாம்பிகை. முகம் மலர்ந்தது. "வா, இரி."

கோடுகள் திரும்ப விழுந்தன. கப்பல் உறுமியது.

கனகசிங்கம் வேலை முடிந்து வந்தபோது மனைவி கதிரையில் இருந்தார், பருப்பு கரிந்திருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, சீமோனைப் பிடித்து விசாரித்ததும் அவர்தான். சீமோன் விளம்பரம் வரும்போதெல்லாம் பதிவை நிறுத்தியிருக்கிறான். திரும்பத் தொடங்கும்போது, முந்திப் பதிந்தது அழிந்துவிடக் கூடாதென்று நாடாவைக் கொஞ்சம் முன்னால் ஓடவிட்டிருக்கிறான். அப்படித் தவறிய இடங்களில் பழைய படமும் சத்தமும் அப்படியே பிழைத்திருந்தன.

"படம் பிடிக்கேக்க பக்கத்து வீட்டுப் பொம்பிளை ஆரும் உள்ளுக்கு வந்திருப்பா. அந்த அம்மா 'ஆரது' எண்டு கேட்டிருப்பா. இதுக்குப் போய்ப் பருப்பையும் கரியவிட்டு," என்றார் கனகசிங்கம்.

"ஓம்," என்றார் பரிமளம். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கசற் ஓடும்போது அவர் முதுகைக் காட்டவில்லை.

அன்புராசாவிடம் தொலைபேசியில் சொன்னார்: "குரலை எடுக்கலாம். படம் எடுக்கேலாது. சத்தக் கசற்றில பதிஞ்சு தாறன்."

"அந்த இங்கிலீஸ்காரரை வெட்டி எறிஞ்சிடுங்க அக்கா. அம்மா கதைக்கிறது மட்டும் காணும்."

முதலில் அப்படித்தான் செய்து பார்த்தார். கப்பலின் உறுமல் அடித்தொனியில் இருந்ததால், அடித்தொனியைக் குறைத்ததும் பெரும்பகுதி அடங்கியது. மிச்சம் இருந்த இடங்களை வெட்டிவிட்டுத் தாயின் பேச்சை மட்டும் தொடர்ந்து பதிந்தார். போட்டுக் கேட்டார். சாப்பிட்டியா, என்ன கறி, உடுப்புப் போடுறியா, காய்ச்சல் மாறிற்றா, ஏன் மெலிஞ்சிற்றாய். ஒன்றன்மேல் ஒன்றாக, மூச்சு விடாமல். பொலிஸ்காரன் கேட்பதுபோல் இருந்தது. இடையிடையே வந்த "ம், நல்லம்" எல்லாம் யாருக்கு என்றே தெரியவில்லை. இது கனகாம்பிகை அல்ல.

அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினார். இம்முறை எதையும் வெட்டவில்லை. இரண்டு கருவிகளையும் வயரால் இணைத்து, பதிவின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் விரலை வைத்துக்கொண்டு இருந்தார். தாய் பேசும்போது கூட்டினார். அவர் கேட்டுவிட்டுக் காத்திருக்கத் தொடங்கியதும், கப்பல்காரர் வாய் திறக்குமுன், முற்றாகக் குறைத்தார். ஒவ்வொரு இடத்தையும் கனகாம்பிகை விட்ட அளவுக்கே விட்டார். ஒரு தும்மலில் விரல் பிந்தினால் முதலிலிருந்து. நாலைந்து தடவை முதலிலிருந்து போனார்.

அந்த இடம் வந்தது. 'இண்டைக்குச் சாப்பிட்டியா?' பரிமளம் இடது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். அறையில் ஒரு சத்தமும் இல்லை.

"ஆரது?" என்றார் கனகாம்பிகை.

அதே தொனி, அதே நேரம். நாடாவில் இருப்பது நாடாவில்தான் இருக்கும் என்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது; அந்த ஆறுதல் கனநேரம் நிற்கவில்லை. அன்புராசா இதைப் போட்டுவிட்டு இருப்பான். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லுவான்; சொல்லாமல் அவனால் இருக்க முடியாது, தன்னாலேயே முடியவில்லை. உண்மையைச் சொல் என்று தாய் கேட்ட இடத்தில் அவன் உண்மையைச் சொல்லுவான். உடனே தாய் 'ஆரது?' என்று கேட்பார். தாய்க்குக் கொள்ளி வைக்கப் போகாத பிள்ளையைப் பார்த்து.

குமிழைக் கொஞ்சம் குறைத்தால் போதும். அந்த ஒரு சொல் இருக்காது, யாருக்கும் தெரியாது. பரிமளம் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். கடைசியில், குறைக்காமல் பதிந்தார். கப்பல்காரரை அடக்கியது சரி. அவர்கள் பிறகு வந்தவர்கள். கனகாம்பிகை சொன்னதில் கை வைக்கத் தனக்கு உரிமை இருப்பதாக அவருக்குப் படவில்லை.

அந்தியேட்டிக்கு முதல் நாள் அன்புராசா தனியாக வந்தான். மொட்டையடித்திருந்தான். வாசலிலேயே நின்றான்.

"சரிவந்ததா அக்கா?"

"வந்தது." பரிமளம் கசற்றைக் கடதாசி உறையில் போட்டார், கொடுக்காமல் கையில் வைத்திருந்தார். "சத்தமில்லாத இடங்கள் வரும். பழுதெண்டு நினைச்சு முன்னுக்கு ஓடவிட்டிடாதீங்க. அது அம்மா உங்களுக்கு விட்ட இடம். நீங்க கதைக்கவெண்டு."

அவன் அவரைப் பார்த்தான். "நான் கதைக்கவா?"

"ஓம். சீமோனை வெளியில அனுப்பிப் போட்டுத் தனிய இருந்து கேளுங்க. இன்னொண்டு. ஒரிடத்தில அம்மா 'ஆரது' எண்டு கேப்பா."

"ஆரை?"

பக்கத்து வீட்டுப் பெண்ணை என்று சொல்ல வாயெடுத்தார். கனகசிங்கம் உள்ளேயிருந்து இருமினார்.

"கேட்டா," என்றார் பரிமளம், "அவசரப்படாதீங்க. இடம் விடுவா. உங்கட பேரைச் சொல்லிப்போட்டு, அவ பிறகு சொல்லுறதைக் கேளுங்க."

கசற்றை நீட்டினார். அன்புராசா இரண்டு கைகளாலும் வாங்கினான்.